ஐயையோ அக்கா எழுதிய முகம்

படத்தின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டுத்தான் ஐயையோ அக்கா நடுவுக்கு வருவாள். நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் எப்போதும் அழகாகத்தான் போட்டுத் தரும், அதன் திருட்டுத்தனமெல்லாம் ஓரத்தில்தான் என்பது அவள் அனுபவம். சோபாக் கடை விளம்பரத்துக்குச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் தம்பதி வேண்டும் என்றால் தம்பதி லட்சணமாகவே வருவார்கள். சோபாவுக்கு அடியில் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே, செடிக்கும் சுவருக்கும் நடுவில், பாதி முகம் ஒன்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். "ஐயையோ!" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவாள். பக்கத்து மேசை டிசைனர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்தச் சத்தத்துக்கு அவன் காது பழகிப் போய்விட்டது. அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே அவன்தான்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில், ஏசி நடுங்கிக்கொண்டே ஓடுகிற சின்ன விளம்பர ஆபீஸ். அங்கே அவளுக்கு ப்ராம்ப்ட் எழுதுகிற வேலை. என்ன படம் வேண்டும் என்று சொற்களில் எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதைப் படமாக்கித் தரும். அந்தச் சொற்களை எழுதுகிறவள் அவள். முன்பு இதே ஆபீஸில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று சந்தேகப்பட்டே பழகிய கண் என்பதால் முதலாளி இந்த நாற்காலிக்கு மாற்றினார். "மத்தவங்க படம் நல்லா வருமான்னு பார்ப்பாங்க. இந்தம்மா எது கெட்டுப்போகும்னு பார்க்கும். எனக்கு அதான் வேணும்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வேலையில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. அழகு என்ற சொல்லைக் கண்டாலே ஆகாது. "அழகான பொண்ணுன்னு எழுதினா, உலகத்துல இருக்கிற அத்தனை அழகான பொண்ணையும் அரைச்சு ஒரே பொண்ணாக் குடுக்கும். அவளே பல்டாக்டர் விளம்பரத்துலயும் சிரிப்பா, பேங்க் விளம்பரத்துலயும் சிரிப்பா. கழுத்துல ஒரு மச்சம் வை. ஒரு பக்கத்து முடி மட்டும் காதுக்குப் பின்னால போயிருக்குன்னு எழுது. வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு சொல்லு. அப்பத்தான் மனுஷி வருவா" என்பாள். எதையும் காலியாக விடுவதும் பிடிக்காது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் அது தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடும் என்று பயம்.

ஒருமுறை பள்ளிக்கூட விளம்பரம் ஒன்றுக்கு 'நாய் இல்லாத தெரு' என்று எழுதித் தொலைத்தாள். குழந்தைகள் நடந்து போகிற தெருவாயிற்றே, நாய் வேண்டாமே என்ற முன்ஜாக்கிரதை. தெரு முழுக்க நாய் வந்தது. வாசல்படியில் நாய், மதில்மேல் நாய், ஒரு குழந்தையின் புத்தகப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற நாய். "அதுக்கு இல்லைங்கிற வார்த்தை காதுல விழாது. நாய்ங்கிறது மட்டும்தான் விழும். வேண்டாததைப் பத்தி வாயே திறக்கக் கூடாது, வேணும்கிறதைத்தான் சொல்லணும்" என்று டிசைனருக்குப் பாடம் எடுத்தாள். அவன் அந்தப் பள்ளிப்பை நாயை அச்செடுத்து அவள் மேசையில் ஒட்டிவைத்திருக்கிறான்.

பஸ்ஸில் போகும்போதும் வேலைதான். எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைப்பாள். "அம்பது வயசு இருக்கும். இடது பக்கம் வகிடு. கண்ணுக்குக் கீழ பை. தூங்கினா வாய் கோணும் போல. ஜன்னல் வெளிச்சம், கன்னத்துல பாதிதான்." மனசுக்குள் எழுதிப் போட்டுவிட்டால் அப்புறம் மறப்பதில்லை. சில பெண்கள் அவள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துத் தள்ளி உட்காருவதும் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "என்னையும் எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டால், "உங்களை எழுதுறது கஷ்டம். உங்க மூஞ்சியில விசேஷமா ஒண்ணுமே இல்லையே" என்பாள். அதற்கு அவர் கோபித்துக்கொள்வதில்லை. பயந்தாங்கொள்ளி மனைவி கேலி செய்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாளே என்று அவருக்கு நிம்மதிதான்.

ஏனென்றால் வீட்டில் அவள் பயம் ஊரறிந்தது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், இறங்கிப் போய்விட்டுத் திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பாள். மகள் பள்ளிவேனில் ஏறி உட்கார்ந்ததும் வேன் நம்பரைப் படம் பிடிப்பாள். வேனும் மாறுவதில்லை, நம்பரும் மாறுவதில்லை. "நேத்து எடுத்த போட்டோ கெட்டுப் போச்சாம்மா?" என்று மகள் கேட்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய சின்னப் பெண் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் பின்னாலிருந்து கையைப் பிடித்து, "வா, உங்கப்பா கூப்பிடறார்" என்று இழுத்திருக்கிறான். குழந்தை வீறிட்டது. தாய் கதவைத் திறந்து கத்தியதும் ஓடிவிட்டான். பாப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தாய் பார்த்தது, கீழ்ப்படியில் அவன் திரும்பிய ஒரு கணம் மட்டும். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. தேடுகிறோம் என்றிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க எழுதினா மூஞ்சி வருமாமே. அவன் மூஞ்சியை வரவெச்சுக் குடுங்கக்கா. எல்லாருக்கும் காட்டணும். அவன் இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"ஐயையோ, அதெல்லாம் போலீஸ் பண்ற வேலைம்மா. நான் சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் எழுதுறவ."

"உங்க பொண்ணும் அதே படியிலதானேக்கா இறங்குது?"

ஐயையோ அக்கா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். கேட்டுக் கேட்டு எழுதினாள். எப்படி இருந்தான்? ஒல்லியா இருந்தான், உயரமா இருந்தான். சட்டை? சாம்பல் கலர். மூக்கு? தெரியலக்கா. புருவம்? தெரியலக்கா, பார்வைதான் ஒரு மாதிரி இருந்துச்சு. இருந்ததை எழுதிப் போட்டதும் விளம்பர மாடல் போல ஒருவன் மாடிப்படியில் சாய்ந்து நின்று புன்னகைத்தான். "இவன் இல்லக்கா, இவன் நல்லாயிருக்கான்" என்று எதிர்வீட்டுக்காரி அழுதாள்.

காலியாக விட்டால் அது இப்படித்தான் செய்யும். அவள் விரல்கள் தாமாகவே ஓரங்களை நிரப்ப ஆரம்பித்தன. கன்னம் ஒட்டியிருக்கட்டும். புருவங்கள் நடுவில் சேரட்டும். கீழுதடு சற்றுத் தடித்து, காதோரம் மட்டும் நரைத்து, தாடையில் இரண்டு நாள் முள்தாடி. வெளிச்சம் மேலே ஒற்றை பல்பிலிருந்து. எங்கிருந்து வருகின்றன இந்தச் சொற்கள் என்று அவள் யோசிக்கவில்லை. வேலை ஓடும்போது யார்தான் யோசிக்கிறார்கள்? படம் வந்தது. எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள்.

"இவன்தான். இவனேதான்க்கா!"

அவள் எழுதும் படத்தைப் பார்த்தால் பொய்யென்றே தோன்றாது என்று முதலாளி அடிக்கடி மெச்சுவார். அன்றைக்கு அந்தப் பாராட்டே அவளுக்குப் பயமாக இருந்தது. "பாதிக்கு மேல நானா எழுதினதும்மா, யாருக்கும் அனுப்பிடாத" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரி திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சங்கச் செக்ரட்டரி அதன் கீழே எழுதியிருந்தார்: 'இவனை எங்கே கண்டாலும் பிடித்து வையுங்கள். மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம்.' கட்டை விரல்கள் வரிசையாக எழுந்தன.

மறுநாள் காலை ஆபீஸில் இரும்புச் சாமான் கடைக்காரருக்கு விளம்பரம். நம்பிக்கையான ஒரு தொழிலாளியின் முகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஐயையோ அக்கா எழுதத் தொடங்கினாள். உழைத்த முகம், ஒட்டிய கன்னம், நடுவில் சேர்ந்த புருவம், காதோரம் நரை. அங்கேயே கை நின்றுவிட்டது. நேற்று எழுதிய அதே சொற்கள், அதே வரிசையில். பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள். அதே ஆள் வந்தான். இந்தத் தடவை கையில் ஸ்பேனரோடு, பகல் வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டு. அப்போதுதான் அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

லிஃப்ட் மெக்கானிக் அண்ணன். மாதம் ஒருமுறை குடியிருப்புக்கு வருவார். நேராக மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறிப்போய்விடுவார், வேலை முடிந்ததும் இறங்கிப் போய்விடுவார். அவர் முகத்தை நின்று பார்த்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் யாரும் கிடையாது. ஒரு மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தவரை ஐயையோ அக்கா மட்டும் கடந்து போகிற போக்கில் மனசுக்குள் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். "கொஞ்சம் வழி விடுறேம்மா" என்று அவர் காலை மடக்கிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவள் இவள். கையைப் பிடித்து இழுத்தவன் எங்கேயோ நிம்மதியாக உலாவிக்கொண்டிருப்பான். அவன் முகம் இனி யாருக்கும் வேண்டாம், ஊருக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

யாராவது மெக்கானிக் அண்ணனைப் பார்த்து அந்தப் படத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால்? அவர்கள் அடிக்கத் தொடங்கும் முன் கேள்வி கேட்பார்களா? பதறிய பதற்றத்தில் போனை எடுத்து குரூப்பில் எழுதினாள்: 'படத்தில் இருப்பவர் நம் லிஃப்ட் மெக்கானிக் இல்லை. தயவுசெய்து யாரும் அவரைத் தவறாக நினைக்க வேண்டாம்.'

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று படித்துப் பார்த்தாள். அதுவரை அந்த நினைப்பு ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. மேசையில் பள்ளிப்பை நாய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழிக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் பதில்கள் கொட்டின. 'அட, ஆமாம்!' 'அதே புருவம்.' 'மொட்டைமாடிச் சாவி அந்த ஆளிடம்தானே இருக்கிறது?' 'சாம்பல் யூனிபார்ம்!' கடைசியாகச் செக்ரட்டரி: 'லிஃப்டில் சத்தம் வருகிறது என்று இப்போதே கூப்பிட்டிருக்கிறேன். வருகிறான்.'

முதலாளியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கணவருக்கு போன் செய்தாள். "நீ எதுக்கு நடுவுல போற? நீதான் போட்டன்னு தெரிஞ்சா அந்த ஆள் ஏதாவது கேஸ் போடுவான். இல்ல, இவங்க உன் மேல பாய்வாங்க. பேசாம வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ, நான் வந்துடறேன்" என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அதையேதான் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எதிர் சீட்டில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் முள்தாடி வைத்த அந்த முகம், மேலே ஒற்றை பல்பு. பல்பைக்கூட அவள்தான் வைத்தாள்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் வாசலில் கூட்டம். மெக்கானிக் அண்ணன் சுவரோரமாக நின்றிருந்தார். அவருடைய டூல்ஸ் பையைச் செக்ரட்டரி பிடுங்கி வைத்திருந்தார். வாட்ச்மேன் கிரில் கதவை இழுத்துப் பூட்டியிருந்தான். யாரும் இன்னும் கை வைக்கவில்லை. ஆனால் எல்லாரும் மூச்சுவிடும் விதத்திலிருந்து அது ரொம்ப தூரமில்லை என்று தெரிந்தது. கம்பிக்கு வெளியே நின்று, "நான் இங்க குடியிருக்கிறவ, திறப்பா" என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திய பிறகுதான் வாட்ச்மேன் திறந்துவிட்டான்.

"என்னம்மா ஆச்சு? என்னமோ படம்ங்கிறாங்க, குழந்தைங்கிறாங்க. லிஃப்ட்ல சத்தம்னு கூப்பிட்டாங்க, வந்தேன்" என்று மெக்கானிக் அண்ணன் அவளைப் பார்த்துக் கேட்டார். தெரிந்த முகம் ஒன்று வந்துவிட்ட ஆறுதல் அந்தக் குரலில் இருந்தது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

எதிர்வீட்டுக்காரியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "நல்லா பார்த்துச் சொல்லும்மா. பயப்படாத. இவன்தானே?" என்றார் செக்ரட்டரி.

அவள் போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். மெக்கானிக் அண்ணனைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது.

"தெரியலையே. இவர் மாதிரியும் இருக்கு. கண்ணை மூடினா இப்ப இந்தப் படம்தான் வருது. அன்னைக்குப் பார்த்த மூஞ்சி வரவே மாட்டேங்குது..."

ஓரங்களையெல்லாம் நிரப்பிய ஐயையோ அக்கா, அந்தத் தாயின் நினைவில் இருந்த ஒரே காலி இடத்தையும் நிரப்பிவிட்டிருந்தாள். இனி எதிர்வீட்டுக்காரி எதைத் தேடினாலும் கிடைக்கப்போவது மெக்கானிக் அண்ணன்தான்.

"மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல! அப்புறம் என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ மெக்கானிக் அண்ணனின் காலரைப் பிடித்தார்கள். எதிர்வீட்டுக்காரியிடம் வாங்கிப் பார்த்த போனை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஆமா, என்னை மாதிரியேதான் இருக்கு. நான் எப்ப எடுத்துக்கிட்டேன் இந்த போட்டோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வரத் தொடங்கியதைப் பார்த்தபோது ஐயையோ அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

'அவர் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"நான் பண்ணின மூஞ்சி அது" என்றாள். "இந்தப் பொண்ணு சொன்னது ஒல்லி, உயரம், சாம்பல் சட்டை. அவ்வளவுதான். புருவம் நான் வெச்சது. கன்னம் நான் வெச்சது. நரை, தாடி எல்லாம் என் கைவேலை. இவரைப் படிக்கட்டுல பார்த்திருக்கேன், அந்த ஞாபகத்துல எழுதிட்டேன்."

"அக்கா, நீங்க நடுவுல வராதீங்க. இப்ப யாரைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க? நாளைக்கு உங்க பொண்ணைப் பிடிச்சு இழுத்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றார் செக்ரட்டரி.

"என் பொண்ணுக்குப் பயந்துதான் எழுதினேன். அந்த பயம் இன்னும் போகலை" என்றாள். "இவரை அடிச்சாலும் போகாது."

கூட்டம் ஒரு கணம் தயங்கியது. தயங்கிய கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் போன்களை உயர்த்தியது. வெவ்வேறு உயரத்தில் போன்கள், எல்லாம் மெக்கானிக் அண்ணனின் முகத்தை நோக்கி. இந்த ஒரு வீடியோ வெளியே போனால் போதும், அப்புறம் அவர் எந்தக் கட்டிடத்திலும் ஏற முடியாது. அவர் கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். காலரைப் பிடித்திருந்தவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஐயையோ அக்கா நகர்ந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் குள்ளம், அவள் தலைக்கு மேலே அவர் நெற்றி தெரிந்தது. "அண்ணே, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்றாள். காலரைப் பிடித்திருந்த கை நழுவ, அவர் குனிந்தார்.

"எடுங்க" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அந்த மூஞ்சியை உண்டாக்கினவ மூஞ்சி இது. எடுத்து, அந்தப் படம் எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் அனுப்புங்க."

லிஃப்ட் வாசலில் வெளிச்சம் குறைவு, அங்கே எடுத்தால் முகம் சரியாக விழாது. அவள் அவரையும் கூடவே கைப்பிடித்து இழுத்துக்கொண்டு கம்பிக் கதவுப் பக்கமாக ஓரடி நகர்ந்தாள். தெருவெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, தாடையைச் சற்று உயர்த்திக் காட்டினாள்.